கிராம சபையில் ஊரே முடிவெடுக்க: முழுமையான வழிகாட்டி

கிராம சபைக்கு அதிகாரமே இல்லை என்று சொல்பவர்களில் பலர் அந்தக் கூட்டத்துக்குப் போய், பேசி, கையெழுத்துப் போட்டுவிட்டு வீடு திரும்பியவர்கள்தான். அவர்களுடைய கோபம் நியாயமானது. கேட்டது நடக்கவில்லை, அடுத்த கூட்டத்திலும் அதே கோரிக்கை, அதே தலையசைப்பு.

ஆனால் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-ன் 3-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். ஊரின் திட்டத்துக்கு ஒப்புதல், ஆண்டு வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல், தணிக்கை அறிக்கைக்கு ஒப்புதல், நடக்கும் பணிகளின் முன்னேற்றத்தை ஆராய்வது என எல்லாவற்றையும் அது கிராம சபையிடம்தான் கொடுத்திருக்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் சபையின் உறுப்பினர். சட்டத்தில் இருப்பது ஊரில் நடக்காமல் போவதற்குப் பல காரணங்கள் உண்டு. நம் கையில் உள்ள காரணம் ஒன்று: கூட்டம் நடக்கும் இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் முடித்துவிடப் பார்க்கிறோம். ஒரு தீர்மானம் ஜெயிப்பதும் தோற்பதும் கூட்டத்துக்கு முந்தைய சில வாரங்களிலும் அடுத்த சில மாதங்களிலும்தான். இந்த வழிகாட்டி அந்த நாட்களைப் பற்றியது.

முதல் படி: எது யார் கையில் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

ஊரில் இருக்கும் குறைகளையெல்லாம் எழுதி மூன்றாகப் பிரியுங்கள்.

முதல் வகை, ஊராட்சியே செய்ய வேண்டியவை. தெருவிளக்கு, குடிநீர் விநியோகம், சாக்கடை, குப்பை அகற்றுவது, ஊராட்சிச் சாலைகள், பொதுக் கழிப்பறை, சுடுகாடு, இடுகாடு. இவற்றில் “மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம்” என்ற பதிலை ஏற்க வேண்டியதில்லை. இது ஊராட்சியின் கட்டாயக் கடமை.

இரண்டாவது வகை, வேறு துறையின் கையில் இருப்பவை. பள்ளியில் ஆசிரியர் பற்றாக்குறை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இல்லாதது, நெடுஞ்சாலைத் துறையின் சாலை, பேருந்து வசதி, மதுக்கடை. இவற்றில் சபை உத்தரவு போட முடியாது. ஆனால் ஊர் கூடி எடுத்த தீர்மானம் ஒரு பதிவான ஆவணம். தனி ஆள் கொடுக்கும் மனுவை விட அதற்குக் கனம் அதிகம். நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தாலும் கையில் ஒரு ஆதாரம் இருக்கும்.

மூன்றாவது வகை, தனிச் சட்டத்தால் சபைக்குக் கூடுதல் அதிகாரம் கிடைத்திருப்பவை. வன உரிமைச் சட்டம், 2006-ன்படி நில உரிமைக் கோரிக்கைகள் கிராம சபையில்தான் தொடங்குகின்றன. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் எடுப்பது பற்றி கிராம சபைகளே பரிசீலிக்கட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னதற்கு இந்தச் சட்டம்தான் அடிப்படை. அந்த ஆண்டே 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் சுரங்கம் வேண்டாம் என்றன, திட்டம் நின்றது. மலைக் கிராமங்களில் இருப்பவர்கள் இந்தச் சட்டத்தை முழுதாகப் படித்துவிடுவது நல்லது.

இப்படிப் பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டால், கேள்விகள் ஒன்றோடொன்று குழம்பி, பதில் சொல்ல வேண்டியவருக்கு நழுவ வசதியாகிவிடும்.

இரண்டாம் படி: தேதி, அறிவிப்பு, எண்ணிக்கை

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் உலக தண்ணீர் தினமான மார்ச் 22-ம் உள்ளாட்சி தினமான நவம்பர் 1-ம் 2022-ல் சேர்க்கப்பட்டவை. அவசர விஷயத்துக்குச் சிறப்பு கிராம சபை கூட்டச் சொல்லியும் தலைவரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ மனு கொடுக்கலாம்.

கூட்டத்துக்கு ஏழு நாட்கள் முன்பே அறிவிப்பு வர வேண்டும். இடமும் நேரமும் கூட்டப் பொருளும் அதில் இருக்க வேண்டும். கோயில், தேவாலயம், மசூதி வளாகங்களில் நடத்தக்கூடாது என்றும், ஒரே இடத்தில் நடத்தாமல் சுழற்சி முறையில் இடம் மாற வேண்டும் என்றும் அரசு அறிவுறுத்தியிருக்கிறது. இந்தச் சுழற்சியை விடாமல் கேளுங்கள். ஊர்த்தெருவிலேயே எப்போதும் கூட்டம் நடந்தால் காலனியிலிருந்து வருபவர்கள் விருந்தாளி போல ஓரத்தில் நிற்பார்கள். காலனியில் ஒருமுறை கூடிப் பாருங்கள், பேசுகிறவர்களே மாறிவிடுவார்கள்.

குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பது, மக்கள்தொகையைப் பொறுத்தது. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். இந்த எண்ணிக்கை சேராவிட்டால் கூட்டம் செல்லாது. அதனால்தான் பல ஊர்களில் நூறு நாள் வேலைக்கு வந்தவர்களிடம் வேலைத்தளத்திலேயே கையெழுத்து வாங்கிக்கொள்ளும் பழக்கம் வந்தது. வருகைப் பதிவேட்டில் கூட்டத்துக்கு வந்த பிறகு, கூட்டம் நடக்கும் இடத்தில் மட்டுமே கையெழுத்துப் போடுவது என்று நாலு தெரு சேர்ந்து முடிவெடுத்தாலே பாதி மாற்றம் வந்துவிடும்.

மூன்றாம் படி: தெருத் தெருவாகக் கணக்கெடுங்கள்

கூட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது தொடங்குங்கள். தெருவுக்கு இரண்டு பேர், ஒரு நோட்டு. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இருக்கும் ஊரில் இந்த வேலை பாதி முடிந்த மாதிரிதான். எந்த வீட்டில் என்ன பிரச்சினை என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

எழுதும்போது குறையை எழுதாதீர்கள், எண்ணிக்கையை எழுதுங்கள். “விளக்கு எரியவில்லை” என்பதற்குப் பதிலாக, மின்கம்ப எண்ணைக் குறித்து, எத்தனை நாளாக எரியவில்லை என்று. “தண்ணீர் வருவதில்லை” என்பதற்குப் பதிலாக, வாரத்தில் எந்த நாள், எத்தனை மணிக்கு, எத்தனை குடம் என்று. தொட்டி ஆப்பரேட்டரிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். எந்த வால்வு பழுது, எந்த மோட்டார் எத்தனை முறை எரிந்தது என்பதை அவரைப் போல விளக்கிச் சொல்ல ஆள் கிடையாது. குறையைச் சுமத்தப் போகிறோம் என்று அவர் பயப்படாத மாதிரி பேசுவது முக்கியம்.

எல்லோரையும் கேட்டோமா என்று ஒருமுறை சரிபாருங்கள். ஊருக்கு வெளியே தோட்டத்து வீடுகளில் இருப்பவர்கள், மாற்றுத்திறனாளிகள், தனியாக வாழும் முதியவர்கள், வேலைக்கு வெளியூர் போய் இரவில் திரும்புகிறவர்கள். பகலில் மட்டும் போனால் இவர்களில் பாதிப் பேர் விட்டுப்போவார்கள்.

நான்காம் படி: ஊராட்சியின் கணக்கைப் படியுங்கள்

பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் கேட்பதும் கெஞ்சுவதும் ஒன்றுதான். ஊராட்சிக்குச் சொந்த வரி வருவாய் உண்டு: வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் போன்றவை. மாநில நிதிக்குழு மானியம் உண்டு. ஒன்றிய நிதிக்குழு மானியமும் உண்டு. 15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான தன் மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிவைத்தது. மீதி 40 சதவீதத்தை ஊரின் தேவைக்கு ஏற்பச் செலவிடலாம் என்று விட்டது. இந்த மாதிரிப் பிரிவு தெரிந்தவரிடம் “பைப் மாற்றப் பணமில்லை” என்று சும்மா சொல்லிவிட முடியாது.

கூட்டத்தில் படிவம் 30 என்று ஒன்றை வாசிப்பார்கள். ஊராட்சியின் வரவு செலவு விவரம் அது. பெரும்பாலும் வேகமாக வாசித்துவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுவார்கள். கூட்டத்துக்கு முன்பே ஊராட்சி செயலரிடம் அதன் நகலைக் கேளுங்கள். வரவு செலவைப் பிளக்ஸ் பேனராகக் கூட்டத்தில் வைக்க வேண்டும் என்பதும் அரசின் அறிவுறுத்தல்.

எதைப் பார்ப்பது? திரும்பத் திரும்ப வரும் வரிகளை. “மின்மோட்டார் பழுது நீக்கம்”, “பைப்லைன் பழுது”, “பிளீச்சிங் பவுடர் வாங்கியது”, “எல்.இ.டி. பல்பு வாங்கியது” போன்றவை. ஒரே மோட்டாருக்கு ஒரே காலாண்டில் மூன்று முறை பழுதுச் செலவு வந்திருந்தால், அதில் முறைகேடு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நிஜமாகவே மோட்டார் அடிக்கடி எரிந்திருந்தால் புதிய மோட்டார் வாங்குவதுதான் சிக்கனம் என்று சபை சொல்லலாம். எடுத்த எடுப்பிலேயே குற்றம் சாட்டாமல், கம்ப எண்களையும் மோட்டார் விவரத்தையும் வைத்துக்கொண்டு கேள்வியாகக் கேளுங்கள். வாங்கிய பல்புகளின் எண்ணிக்கையையும் நீங்கள் எடுத்த தெருவிளக்குக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்தக் காகிதமே பேசிவிடும்.

இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் ஒவ்வொரு ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்தையும் பணப் பரிவர்த்தனைகளையும் ஆண்டு வாரியாகப் பார்க்கலாம். செல்போன் போதும். படித்த பிள்ளைகள் ஒருவருக்கு இந்தப் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள்.

அங்கே கிடைக்காததற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. 6(1) பிரிவில் மனு, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை, வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவு அஞ்சல். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் பரவாயில்லை, சரியான இடத்துக்கு ஐந்து நாளில் மாற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு. பதில் 30 நாட்களுக்குள் வர வேண்டும். அதனால் கூட்டத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, ஒன்றரை மாதம் முன்பே அனுப்பிவிடுங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பவர்கள் கட்டணம் கட்டத் தேவையில்லை.

ஐந்தாம் படி: தீர்மானத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள்

மற்ற எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். கூட்டத்தில் வாய்மொழியாகச் சொன்னதை யாரோ சுருக்கி எழுதுவார்கள். பெரும்பாலும் அது இப்படி இருக்கும்:

“வடக்குத் தெருவுக்குக் குடிநீர் வசதி செய்து தருமாறு பொதுமக்கள் கேட்டுக்கொண்டனர்.”

இதில் செய்ய வேண்டியவர் யார்? எப்போது? எந்தப் பணத்தில்? ஒன்றுமே இல்லை. இந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு யாரிடமும் கணக்குக் கேட்க முடியாது. இதையே இப்படி எழுதிக்கொண்டு போனால்:

“வடக்குத் தெருவில் 64 வீடுகளுக்கு வரும் குடிநீர்க் குழாய் பள்ளி முனைக்கு அப்பால் சேதமடைந்துள்ளதால், வாரத்தில் இரண்டு நாட்கள் மட்டுமே தண்ணீர் வருகிறது. சுமார் 180 மீட்டர் குழாயை மாற்றும் பணியை, நிதிக்குழு மானியத்தின் குடிநீர்ப் பங்கிலிருந்து, நடப்பாண்டின் முதல் பணியாக எடுப்பது என்று இச்சபை தீர்மானிக்கிறது. ஒன்றியப் பொறியாளரின் மதிப்பீட்டை ஊராட்சி செயலர் 30 நாட்களுக்குள் பெற வேண்டும். பணியின் நிலையை அடுத்த கிராம சபையில் முதல் பொருளாகத் தலைவர் தெரிவிக்க வேண்டும்.”

எண்கள் மாதிரிக்குத்தான், உங்கள் நோட்டில் இருப்பதைப் போடுங்கள். “கேட்டுக்கொண்டனர்” என்பது போய் “தீர்மானிக்கிறது” என்று வந்திருப்பதைக் கவனியுங்கள். சட்டம் சபைக்குக் கொடுத்த இடம் அதுதான்.

ஒரு கூட்டத்துக்கு மூன்று தீர்மானம் போதும். பதினைந்து கொண்டுபோனால் பதினைந்தும் பதிவாகும், ஒன்றும் நடக்காது. வேறு துறை சம்பந்தப்பட்டதாக இருந்தால், நகல் எந்த அலுவலகத்துக்கு, எத்தனை நாளில் அனுப்பப்பட வேண்டும் என்பதையும் தீர்மானத்துக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள்.

இரண்டு தெருவுக்கும் ஒரே பணம்தான் இருக்கிறது என்றால்? ஊர் பிளவுபடுவது இங்கேதான். எந்தத் தெரு என்று பேசுவதற்கு முன்னால், எதை வைத்து முடிவெடுப்பது என்று பேசி முடியுங்கள். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரம் 1989-ல் மக்கள் பங்கேற்பு வரவு செலவுத் திட்டத்தைத் தொடங்கியபின் கையாண்ட வழி இது: அந்த வசதி எந்த அளவுக்கு இல்லாமல் இருக்கிறது, எத்தனை பேர் வாழ்கிறார்கள், அந்தப் பகுதி மக்கள் அதற்கு எந்த இடம் கொடுத்தார்கள் என்று மதிப்பெண் போட்டுப் பணத்தைப் பிரித்தார்கள். நம் ஊருக்கும் இது பொருந்தும். அளவுகோலை முதலில் ஒத்துக்கொண்ட பிறகு தோற்ற தெருவுக்கு வருத்தம் இருக்கலாம், ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணம் வராது.

ஆறாம் படி: கூட்டத்தில்

ஒரு தீர்மானத்தை ஒருவர் பேசட்டும், இன்னொருவர் வழிமொழியட்டும். எல்லாவற்றையும் ஒரே ஆள் பேசினால் அது அந்த ஆளின் பிரச்சினையாகிவிடும். மனுவை இரண்டு பிரதிகளாகக் கொண்டுபோய், ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்குங்கள். கூட்டத்தைக் கவனிக்க வட்டார அலுவலகத்திலிருந்து பற்றாளர் ஒருவர் வருவார். அவரிடமும் ஒரு நகல் கொடுங்கள்.

தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு 2016-ல் சட்டமானது. தலைவராக இருக்கும் பெண்ணுக்குப் பதிலாக அவர் கணவர் மைக்கைப் பிடித்துக்கொண்டால், “தலைவர் பேசட்டும்” என்று மரியாதையாகச் சொல்லுங்கள். கூட்டத்திலிருந்து பெண்களே இதைச் சொன்னால் இன்னும் நல்லது. தலைவர் பட்டியலினத்தவராக இருந்து, அவரை நாற்காலியில் உட்காரவிடாத, கொடியேற்றவிடாத ஊர்களும் உண்டு. மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997-ல் கொல்லப்பட்டார். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி போன்ற ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுகள் தேர்தலே நடத்த முடியாமல் கிடந்தது. ஊருக்கு அதிகாரம் வேண்டும் என்று கேட்கிறவர்கள், அந்த ஊரில் யார் யாருக்கு இடம் இருக்கிறது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். தலைவரை அவமதிப்பவர்கள் மீது எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குத் தொடர முடியும்.

முடிவில், தீர்மானப் புத்தகத்தில் எழுதியதை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்தபின் கையெழுத்து. பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். காலியான தாளில் கையெழுத்துக் கேட்டால் போடவே போடாதீர்கள்.

ஏழாம் படி: கூட்டம் முடிந்த பிறகு

ஒரு வாரத்துக்குள் தீர்மான நகலைக் கேட்டு எழுத்துமூலம் விண்ணப்பியுங்கள். ஐந்து பேர் கொண்ட ஒரு சின்னக் குழு போதும். தீர்மானத்தில் போட்ட ஒவ்வொரு கெடுவையும் அது நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொண்டு, அந்தந்தத் தேதியில் ஊராட்சி அலுவலகத்துக்குப் போய் நிலையைக் கேட்க வேண்டும். கிடைக்கும் பதிலை நல்லதோ கெட்டதோ ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். அலுவலர்கள் பக்கம் நிஜமான சிக்கல் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

வேலை தொடங்கியதும் மதிப்பீட்டு நகலைக் கையில் வைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். எத்தனை மீட்டர், எந்த அளவுக் குழாய், எத்தனை மூட்டை சிமென்ட். பணியிடத்தைப் பார்வையிடவும் பொருட்களின் மாதிரி எடுக்கவும் தகவல் உரிமைச் சட்டத்தின் 2(j) பிரிவு வழி தருகிறது. 2005-ன் ஊரக வேலை உறுதிச் சட்டம் பணிகளைச் சமூகத் தணிக்கை செய்யும் வேலையை 17-வது பிரிவில் கிராம சபையிடமே கொடுத்தது; செய்த வேலையை ஊரே அளந்து பார்ப்பது என்ற அந்தப் பழக்கத்தை எல்லாப் பணிகளுக்கும் கொண்டுவரலாம்.

முட்டுக்கட்டை வந்தால்

முதலில் வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி), அப்புறம் மாவட்ட அளவில் உதவி இயக்குநர் (ஊராட்சிகள்), பிறகு ஆட்சியர். மாவட்ட ஆட்சியர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கும் மனுவுடன் தீர்மான நகலை இணைத்துக் கொடுங்கள். 1100 என்ற எண்ணில் முதல்வரின் முகவரித் துறைக்கும் சொல்லலாம். தகவல் மனுவுக்குப் பதில் வராவிட்டால் 19(1) பிரிவில் முதல் மேல்முறையீடு. எல்லாவற்றுக்கும் பிறகு உயர் நீதிமன்றம் இருக்கிறது. அங்கே போகும்போது இத்தனை நாள் சேர்த்துவைத்த காகிதங்கள்தான் வழக்கைத் தூக்கி நிறுத்தும்.

தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாத நிலையும் வரும். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. பதவிக்காலம் முடிவதற்கு முன்பே தேர்தலை முடிக்க வேண்டும் என்று அரசமைப்பின் 243-இ பிரிவு சொல்கிறது. இது நடக்கவில்லை என்பது வருத்தமானது. ஆனால் மன்றம் கலைந்தாலும் சபை கலைவதில்லை, அது வாக்காளர்களின் அமைப்பு. தனி அலுவலர் இருக்கும்போதும் கூட்டம் கூட வேண்டும், கணக்கு வாசிக்கப்பட வேண்டும். சொல்லப்போனால் இந்த நாட்களில்தான் சபைக்கு ஆட்கள் அதிகம் வர வேண்டும்.

நகரத்தில் இருப்பவர்களுக்கு

அரசமைப்பின் 74-வது திருத்தம் நகரங்களுக்கு இதற்கு நிகரான வலிமையைத் தரவில்லை. மூன்று லட்சம் பேருக்கு மேல் உள்ள நகரங்களுக்கு வார்டு குழு என்பதோடு அது நின்றுவிட்டது. தமிழ்நாட்டில் 2022-ல் வார்டு குழு, பகுதி சபைகளுக்கான விதிகள் வந்து, அந்த ஆண்டு நவம்பர் 1-ல் முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. மக்கள் இதை ஏரியா சபை என்கிறார்கள். உங்கள் வார்டில் எத்தனை ஏரியா சபைகள், செயலாளர் யார், கடைசியாக எப்போது கூடியது என்று வார்டு கவுன்சிலரிடம் எழுத்தில் கேளுங்கள். கூடவில்லை என்றால் கூட்டச் சொல்வதுதான் முதல் வேலை. மூன்றாம் படியிலிருந்து ஏழாம் படி வரை அப்படியே இங்கேயும் பொருந்தும்.

மாநிலத்திடம் கேட்க வேண்டியது

எவ்வளவு நன்றாகத் தீர்மானம் எழுதினாலும் பணமும் பணியாளரும் மேலேயே இருந்தால் ஓரளவுக்கு மேல் போக முடியாது. அரசமைப்பின் 11-வது அட்டவணையில் 29 துறைகள் இருக்கின்றன. எதை எவ்வளவு ஊராட்சிக்குக் கொடுப்பது என்பதை 243-ஜி பிரிவு மாநிலத்திடம் விட்டுவிட்டது. கேரளம் 1996-ல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியபோது திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது. அதே மாநிலத்தில்தான் பெருமாட்டி ஊராட்சி 2003-ல் பிளாச்சிமடை கோகோ கோலா ஆலைக்கு உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அடுத்த ஆண்டு ஆலை உற்பத்தியை நிறுத்தியது.

நம் தேர்தல் நேரத்தில் ஓட்டுக் கேட்டு வருபவர்களிடம் மூன்று கேள்வி கேட்கலாம். திட்ட நிதியில் எத்தனை சதவீதம் நிபந்தனையின்றி ஊராட்சிக்கு வரும்? கிராம சபைத் தீர்மானத்துக்குத் துறைகள் இத்தனை நாளில் எழுத்தில் பதில் தர வேண்டும் என்று சட்டம் கொண்டுவருவீர்களா? உள்ளாட்சித் தேர்தல் உரிய தேதியில் நடக்கும் என்று உறுதி தருவீர்களா? இந்த மூன்றையும் ஒரு கிராம சபைத் தீர்மானமாகவே நிறைவேற்றி, நகலை எல்லாக் கட்சி வேட்பாளர்களுக்கும் அனுப்புங்கள். பதில் தந்தவர் யார், தராதவர் யார் என்ற பட்டியலை ஊராட்சி அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள்.